வீட்டில் செய்ததென்று கொடுத்த பொங்கல்

கூடப் பிறக்காத என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நம்ம பேண்டேஜ் கம்பெனியில் உன் பெஞ்சில் இப்போது செட்டியார்பட்டிக்காரி ஒருத்தி உட்கார்ந்து கட்டுத்துணி மடிக்கிறாள். நல்லவள்தான், ஆனால் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரை பத்து வருஷம் பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தவளுக்கு இது போதுமா, சொல்லு?

நமக்குள் சண்டை ஒன்றே ஒன்றுதான். "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்ட்டி. அவுகவுகளுக்கு அவுகவுக நெனைக்கிறது சரி" என்பேன். "நான் அப்படி நெனைக்கலக்கா. உங்க மனசு கோணக்கூடாதுன்னு ஒத்துக்கிடவா?" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மலைமேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்ட கையோடு வேலைக்கு வந்தேன். நீ பிரசாதம் சாப்பிட மாட்டாய் என்று தெரிந்தும், கோயில் பொங்கலை "வீட்டுல செஞ்சது" என்று உனக்குக் கொடுத்தேன். நீ வழித்துச் சாப்பிட்ட பிறகு, "மலைக்கோயில் பிரசாதம்ட்டி. இப்ப என்ன கொறைஞ்சுபோச்சு?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"பொங்கலுக்குக் கோவமில்லக்கா. வீட்டுல செஞ்சதுன்னு சொன்னீகளே, அதான்."

மூன்று நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாய். உனக்கு மதத்திமிர் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்.

போன வாரம் நடந்ததைக் கேள். கட்டுத்துணியில் கிருமியைக் கொல்லும் நீராவி மெஷின் ஓடும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. வெளியே எடுத்தால், பொட்டலங்களில் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழவே இல்லை. கோடு விழாத சரக்கில் கிருமி செத்திருக்கும் என்று நம்ப முடியுமா? ஆனாலும் புது மேனேஜர் செக்கிங் கார்டை என்னிடம் நீட்டினார்.

"சுத்தங்கிறது ஆளாளுக்கு மாறும்மா. ஒவ்வொருத்தருக்கு ஒரு அளவு. லாரி நிக்குது, கையெழுத்தப் போடுங்க."

ஸ்டெல்லா, அது நான் பேசிய பேச்சு. பத்து வருஷம் உன்னிடம் அடித்துப் பேசியதை அந்த மனுஷன் எனக்கே திருப்பிச் சொன்னார். போடாவிட்டால் செக்கிங் வேலை போய்விடும் என்று தெரியும். கார்டை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"இது யாரு புண்ணு மேல போய் உக்காரும்னு நமக்குத் தெரியாது சார். அவுக எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சீழ் சீழ்தான். நான் போட மாட்டேன்."

சரக்கு மறுபடி மெஷினுக்குள் போனது. நான் செட்டியார்பட்டிக்காரி பக்கத்தில் மடிப்பு வேலைக்குப் போனேன். வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன். அந்த நேரத்தில் வாயைத் திறக்கத் தைரியம் தந்தவள், என் மனசு கோணினாலும் ஒத்துக்கொள்ளாத நீதான். நீ உயிரோடு இருந்தபோது ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ரொம்ப நன்றிட்டி.

இருந்தாலும், சாமி விஷயத்தில் கோடு விழுந்து உண்மையைக் காட்ட ஒரு பட்டை இல்லையே, என்ன செய்ய? "பட்டை இல்லன்னா கிருமியும் இல்லன்னு ஆயிருமாக்கா?" என்று கேட்பாய். எல்லாச் சாமியும் ஒன்று என்றுதான் இன்னமும் நம்புகிறேன். ஆனால் முன்பெல்லாம் உன் வாயை அடைக்கத்தான் அதைச் சொன்னேன். இப்போது அது உண்மை என்று நினைப்பதால் சொல்கிறேன்.

இதில் நாம் ரெண்டு பேருமே சரியாக இருக்க முடியாது. உனக்கு இந்நேரம் விடை தெரிந்திருக்கும். நானும் ஒருநாள் அங்கே வருவேன். தோற்றது நான் என்றால், மழுப்பாமல் உன் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொள்வேன். நீ என்றால், சத்தியமாகச் சிரிக்க மாட்டேன்.

என்றும் உன் அக்கா,
கோமதி