உள்சுவரில் பதிந்த கை

அன்பு மகள் இமோஜனுக்கு, அப்பா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், மாத்திரைகளைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், என் நினைப்பெல்லாம் அங்கேதான். இங்கே டிட்காட்டில் மழை விட்டபாடில்லை, அம்மா வைத்த ரோஜா அழுகிப்போயிற்று. வேலைதான் என்னை அலைக்கழித்துவிட்டது. எங்கள் அணுப்பிணைவு உலையின் காந்தங்கள் உறைகுளிரில் தயாராக இருக்கின்றன, ஆனால் சூரியனை மிஞ்சும் சூட்டை அடைத்து வைக்கப்போகிற அந்தக் கலத்திலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சினால்தானே மூட்ட முடியும். பம்பு வாரக்கணக்கில் ஓடியும் உள்ளே ஏதோ ஆவி கசிந்துகொண்டே இருந்தது. வசந்தத்துக்குள் மூட்டிக் காட்டாவிட்டால் முதலீட்டாளர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஓட்டை எங்கும் இல்லை. என்னோடு வேலை செய்யும் கேரத்துக்கு எப்போதும் கேலிதான், "டெஸ்மண்ட், உள்ள இருக்கறது வேற ஆவிப்பா, பாதிரியாரக் கூப்பிடு" என்றான்.

கடைசியில் கலத்தைத் திறந்து நானே தவழ்ந்து போனேன். புறஊதா விளக்கை அடித்ததும் கீழ்ச்சுவரில் ஓர் உள்ளங்கை வெளிறி ஒளிர்ந்தது. விரல் பிசுக்கு பட்டாலே எங்கள் வெற்றிடம் கெடும், கையுறை இல்லாமல் யாரும் எதையும் தொடமாட்டோம். சுண்டுவிரல் பாதிதான் பதிந்திருந்தது, அவளுக்கு அந்த விரல் பாதிதானே. உன் அம்மாவின் கை, இமோ. கலத்துக்குள் கடைசியாக வெல்டிங் வைத்தவள் அவள்தானே. கையுறைக்காக எங்களைத் திட்டித் தீர்த்தவள் ஏன் கழற்றினாள்? மண்டியிட்டவர் எழுவதற்கு ஊன்றுகிற உயரத்தில் இருந்தது அந்தத் தடம். தலை சுற்றியிருக்கும், கையுறையைக் கழற்றிக் கழுத்தில் நாடி பார்த்திருப்பாள், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அன்று ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பசிதான். நீ டீயப் போடு" என்றாள். அந்த மாதமே அவளை அடக்கம் செய்தோம்.

ஸ்பிரிட் துணியால் நானே துடைத்தேன். மனம் வரவேயில்லை, துடைத்தேன். இப்போது அழுத்தம் ஒழுங்காக இறங்குகிறது, கேரத் கேலி பேசுவதை நிறுத்திவிட்டான். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கைதான் நிற்கிறது. போன ஞாயிறு நீ போனில், "மேட்டுல ஏறுனா லேசா தல சுத்துதுப்பா, ஒண்ணுமில்ல, பசிதான்" என்றாய். அதே வார்த்தை. அவளுடைய இதயக் கோளாறு பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொன்னால் சிரித்து மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்ததும் போய்க் காட்டு.

கடவுள் உன்னைக் கைவிடாமல் வைத்திருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. டாக்டர் என்ன சொன்னாலும் என்னிடம் மறைக்காதே அம்மா, இன்னொரு தடத்தை என்னால் துடைக்க முடியாது.

உன் அப்பா,
டெஸ்மண்ட்