மூன்றாம் நாள் படலம்

12 ஜனவரி 2004, திங்கள்

பல் மருத்துவக் கல்லூரி லேப் கதவைத் திறந்ததுமே குமட்டியது. மூன்று நாள் மூடிக் கிடந்த வாயின் நாற்றம். கண்ணாடிக் குடுவைக்குள் எட்டுப் பல் துண்டுகள் தொங்குகின்றன. பல்வரிசைக்குக் கம்பி போடுவதற்காகப் பிடுங்கிய நல்ல பற்கள். அறுத்து, கிருமி நீக்கி, கட்டித் தொங்கவிட்டது நான்தான். உடம்புச் சூடு, மேலிருந்து சொட்டுச் சொட்டாக எச்சில், நாளைக்கு ஆறு வேளை சர்க்கரைத் தண்ணீர். உள்ளே விட்ட கிருமிகள் பல்லைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் படலம் கட்டுகின்றன. அது கக்கும் புளிப்பில் பல் எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

எச்சிலும் என்னுடையதே. எச்சில் ஊற மெழுகை மென்று மென்று குழாயில் துப்புகிறேன். அம்மா கேட்டாள்: "எச்சி துப்பறதுக்காடி எம்.எஸ்சி படிச்ச? வியாசர்பாடில அத்த படிக்காமயே பண்றானுங்க."

15 ஜனவரி, வியாழன்

பொங்கலன்றும் கிருமிக்குச் சர்க்கரை ஊட்டப் போனேன். வீட்டுக்கு வந்தபின் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல்கூட இறங்கவில்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்

எங்கள் ஆய்வுக்குப் பணம் தரும் கம்பெனிக்காரர்கள் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்தை நான்காவது தடவையாகச் சோதித்தேன். ஒரு நாள் வயதுப் படலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு செத்தன. மூன்று நாள் படலத்தில் மேலாக இருந்தவை மட்டும். அடியில் இருப்பவை சுகமாக வாழ்கின்றன. நான்கு தடவையும் இதேதான். பிரஷ் போகாத பல்லிடுக்கில் இருப்பது எப்போதும் பழைய படலம்தானே? அப்படியென்றால் இந்த மருந்து யாருக்கு?

கண்ணாடிச் சாமான் கழுவும் ரோஸ்மேரி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இன்னா எழிலு இது, காசிமேட்டுல மீனு அழுவுனா கூட இப்டி நாறாது. கலீஜு."

17 பிப்ரவரி, செவ்வாய்

துறைத்தலைவர் தேசப்பன் சார் கூப்பிட்டார். "மூணாம் நாள் டேட்டா வேண்டாம்மா. ஒரு நாள் மாடல் போதும்."

"சார், நிஜ வாயில..."

"நிஜ வாய் நம்ம ப்ராஜெக்ட் இல்ல."

கம்பெனி ஆள் கொண்டுவந்த மிட்டாயைக் கடவாயில் அதக்கிக்கொண்டே சொன்னார். அறிக்கையை என் பக்கம் தள்ளினார். மூன்றாம் நாள் அட்டவணை அதில் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். ஜூலையில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர்தான். அவ்ளோதான் நான்.

13 மார்ச், சனி

ராயபுரத்தில் இலவசப் பல் முகாம். மருந்து பாட்டிலை வரிசையில் வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது நான். லேபிளில் பெரிய எழுத்து: ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது.

ரோஸ்மேரி அக்காவுக்கு வீடு பக்கத்தில், பனைமரத்தொட்டியில். அவளும் வந்து இரண்டு பாட்டில் வாங்கினாள். "ரெண்டு மாசமா கடவாப் பல்லு குத்துது எழிலு. புடுங்கறதுன்னா பயம். இத்த ஊத்திக் கொப்பளிச்சா பூச்சி செத்துரும்ல? நீதான டெஸ்ட்டு பண்ண?"

"டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டுக்கா" என்றேன். அவள் காதில் விழுந்திருக்காது. விழாத மாதிரிதான் சொன்னேன்.

14 மார்ச், ஞாயிறு

ச்சீ.

9 ஏப்ரல், வெள்ளி

பெரிய வெள்ளி. அக்கா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். தாடை எது கழுத்து எது என்று தெரியாத வீக்கம். வாய் திறக்கவில்லை. உதட்டோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அவள் வீட்டுக்காரர் கஸ்பார் ஹார்பரில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "தவக்காலம்னு சாப்டாம கீறான்னு நென்ச்சிகினு இருந்தேம்மா..."

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீழ் பல்லடியிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டதாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூச்சுக்குழல் அடைத்திருக்கும் என்றார் டாக்டர். தாடைக்குக் கீழே கீறி வடித்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தபோது நாற்றம் வெளியே வந்தது. எனக்கு அது புதிதில்லை. தினமும் நான் சர்க்கரை ஊற்றி வளர்க்கிற அதே நாற்றம்.

12 ஏப்ரல், திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா குழறிக் குழறிப் பேசுகிறாள். "பாட்லு ரெண்டும் காலி எழிலு. ஒரு வேள கூட உடல."

சொல்லிட்டேன். "அக்கா, அது அடியில போகாதுன்னு எனக்குத் தெரியும். பிப்ரவரிலயே தெரியும். தெரிஞ்சிதான் கையெழுத்துப் போட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் எழுந்து போகவில்லை. முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போது? சொல்ற எடத்துல போய்ச் சொல்லு."

13 ஏப்ரல், செவ்வாய்

கல்லூரி நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தேன். நான்கு சோதனையின் எண்ணிக்கைகள், நான் கையெழுத்திட்ட அறிக்கை, முகாமில் கொடுத்த பாட்டில் ஒன்று. என் தப்பை முதல் வரியிலேயே எழுதினேன். பெருமையாக ஒன்றும் இல்லை.

30 ஏப்ரல், வெள்ளி

குழு விசாரித்தது. தேசப்பன் சார் நிதானமாகச் சொன்னார்: "மூன்றாம் நாள் முடிவு எனக்கும் கவலை கொடுத்தது. அதைத் தனிக் கட்டுரையாக வெளியிடத்தான் எடுத்து வைத்திருந்தேன். எழில்மொழி அவசரப்பட்டுவிட்டார்." என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எப்டி? எப்டி இவனால முடியுது?

அந்த லேபிளோடு இனி பாட்டில் கொடுக்கக் கூடாது என்று முடிவானது. அது ஒன்றுதான் கிடைத்தது.

31 ஜூலை, சனி

ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

18 அக்டோபர், திங்கள்

ரோஸ்மேரி அக்கா லேபில் கிடந்த பல் டாக்டர்கள் மாநாட்டு மலரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தாடைக்குக் கீழே தழும்பு கோணலாக ஆறியிருக்கிறது. 'முதிர்ந்த படலத்தில் மருந்து ஊடுருவாமை' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரைத் தலைப்பு. முதல் பரிசு. என் அட்டவணை, என் எண்கள், ஒரு புள்ளி மாறவில்லை. மேலே தேசப்பன் சார் பெயர். கீழே நான் கேள்விப்படாத இரண்டு பெயர்கள்.

"எனக்கு இங்கிலீஸு வராது. ஆனா உன் பேரு எப்டி இருக்கும்னு தெரியும். தேடித் தேடிப் பாத்தேன்" என்றாள்.

"இல்லக்கா."

"த்தூ" என்று வாசல் பக்கம் திரும்பித் துப்பினாள். பிறகு என்னிடம் காபி கேட்டாள். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. போட்டுக் கொடுத்தேன்.

25 நவம்பர், வியாழன்

திருவொற்றியூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று பதினேழு ரிப்போர்ட். சாத்தாங்காட்டு இரும்புக்கடையில் சுமை தூக்கும் ஒருவரின் சர்க்கரை அளவு மட்டும் சரியாகப் படவில்லை. அனுப்பிய டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன்: "நார்மல்னு போட்டு அனுப்பும்மா, ஆள் காத்துக்கினு கீறாரு."

பதினாறை அனுப்பிவிட்டேன். அவரை மறு சோதனைக்கு நாளை வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறேன்.