அழிந்த பதிவில் மிஞ்சிய எண்

ஜூன் 9, திங்கள்
தேனி ரத்ததானக் குழு அலுவலகத்தில் மதியம் முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்தது. அப்புறம் கொடையாளர் டேட்டாபேஸ் திறக்கவில்லை. டேட்டா பிளாக்குகள் கரப்ட், அதாவது பதிவுகளைச் சேமித்த துண்டுகள் கெட்டுவிட்டன, என்று திரையில் வந்தது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் எடுத்தேன். அதிலும் அதே ஓட்டைகள். டிஸ்க் முன்பே கெட ஆரம்பித்திருக்கிறது; கெட்டதைத்தான் தினமும் நகல் எடுத்திருக்கிறது.

ஜூன் 10
கெட்ட பிளாக்குகளைத் தாண்டிப் படிக்கவைத்து, மிச்சத்தைப் புது டிஸ்க்கில் ஏற்றினேன். பெரும்பாலானோரின் பதிவுகள் திரும்பிவிட்டன. குழுவை நடத்தும் லூர்துநாதன் சார், போனது போகட்டும் விஜி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 11
காலையில் கம்பம் மருத்துவமனை ஒன்றிலிருந்து போன். அனிதா மேரி, பள்ளி ஆசிரியை, நிறைமாதம், ரத்தப்போக்கு. பம்பாய் குரூப் என்னும் மிக அரிய ரத்த வகை. அந்த வகை ரத்தம் மட்டும்தான் ஏற்றலாம். சென்னையிலிருந்து வர ஒரு நாளாகும்.

எங்களிடம் அந்த வகையில் ஒரே ஒருவர் இருந்தார். தேடினேன். இல்லை. கெட்ட பிளாக்கோடு போய்விட்டார். இத்தனை ஆயிரம் பேரில் இவரா போக வேண்டும்?

அனிதாவின் அம்மா இன்னாசியம்மாள் போனில் கேட்டார்: "யாராச்சும் இருக்காகளா தாயி?" தேடிக்கிட்டே இருக்கோம்மா என்று வைத்தேன்.

பிறகுதான் உறைத்தது — வேகமாகத் தேட இண்டெக்ஸ் என்ற தனிப்பட்டியல் ஒன்று போட்டிருந்தேன். ரத்த வகையும் போன் நம்பரும் மட்டும். அது இருப்பது வேறு பிளாக்கில்! அதை மட்டும் தனியாகப் படித்தேன். பெயரில்லை, ஊரில்லை. ஒரு நம்பர் வந்தது.

ஒரு பெண் எடுத்தாள். இந்த நம்பரில் ரத்தம் கொடுப்பவர் இருக்கிறாரா என்றேன்.

"எங்க அண்ணன் வேல்பாண்டியக் கேக்குறீகளா? அவன் இல்லக்கா. போன ஐப்பசியில குமுளி ரோட்டுல ஜீப்பு மோதிருச்சு. இந்தப் போன நாந்தான் வச்சிருக்கேன்."

மன்னிச்சிரும்மா என்று வைக்கப்போனேன். அவள் விடாமல் யாருக்கு, என்ன என்று கேட்டாள். சொன்னேன். கூடப்பிறந்தவர்களுக்கும் இதே வகை இருக்கலாமே — அண்ணனைப் பறிகொடுத்தவளிடம் இதைக் கேட்கலாமா? ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அவள் சொன்னாள்:

"அனுமந்தன்பட்டில இருக்கேன். கம்பத்துல எங்கன வரணும்?"

ஜூன் 12
வேல்பாண்டியின் தங்கை பாண்டீஸ்வரிக்கும் அதே வகை. அவள் கொடுத்த ரத்தத்தை வைத்துத்தான் நேற்று ஆபரேஷனைத் தொடங்கினார்கள். சென்னை ரத்தம் இன்றுதான் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டாள்.

ஜூன் 20
பாண்டீஸ்வரி தேனிக்கு வந்து கொடையாளராகப் பதிந்தாள். நம்பர் கேட்டேன். அண்ணன் நம்பரையே சொன்னாள். இந்த எண் ஏற்கெனவே வேறொருவருக்கு உள்ளது என்று கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. வேல்பாண்டியின் பெயரை இண்டெக்ஸில் கிடைத்த எண்ணோடு நான்தான் திரும்ப ஏற்றியிருந்தேன். அண்ணன் பெயரை எடுத்துவிடவா என்றேன்.

"இருக்கட்டும்க்கா."

ஒரு எண்ணுக்கு ஒருவர்தான் என்ற விதியை நீக்கினேன். ஒரே எண்ணில் இரண்டு பெயரும் நின்றன.