கூம்பு வாத்தியார்

செப்டம்பர் 4, வியாழன்

இன்றும் சத்தம் வரவில்லை.

விசில் மிஸ் (கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்) எங்கள் வகுப்பின் பன்னிரண்டு பேரையும் புதிதாகக் கட்டும் நூலகக் கட்டடத்தின் முதல் மாடியில் வரிசையாக நிறுத்தினார். கீழே மணல் குவியலுக்குப் பக்கத்தில் மேஸ்திரி. ஒவ்வொருவராக "நிறுத்துங்க!" என்று கத்த வேண்டும். காதில் விழுந்தால் மேஸ்திரி கையைத் தூக்குவார். இதுதான் இன்றைய பாடம். ஒட்டடை கத்தியதில் மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எதிர்த் தெரு நாய்கூடக் குரைத்தது. (ஒட்டடை என் சிநேகிதி. உயரமாக, குச்சியாக இருப்பாள். பெயர் வைத்தது நான் இல்லை.)

அடுத்து நான். கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். மேஸ்திரி மேலே அண்ணாந்து, "அடுத்த ஆள் வரலியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பதற்கு மட்டும் எனக்கு நன்றாகச் சத்தம் வருகிறது.

"சைட்ல நிக்கப்போற சூப்பர்வைசருக்கு மெஷின் சத்தத்துக்கு மேல குரல் வரணும்மா. உனக்கு ஃபேன் சத்தத்துக்கு மேலயே வரலியே" என்றார் மிஸ். அப்புறம் யோசித்து, என் கையில் இரும்புக் கூம்பைக் கொடுத்தார். "நீ டெஸ்ட் எடு. இதுக்குக் கத்த வேண்டாம்."

கூம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. மேலும் கீழும் திறந்தது, ஒரு முழம்கூட உயரமில்லை. லாரியில் வரும் கான்கிரீட் கலவையை மூன்று தடவையாக இதில் நிரப்பி, ஒவ்வொரு தடவையும் கம்பியால் இருபத்தைந்து குத்து குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கிவிட வேண்டும். உள்ளே இருந்த கலவை கொஞ்சம் அமுங்கும். எவ்வளவு அமுங்கியது என்று டேப்பால் அளக்க வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு நூறு மில்லிமீட்டர். இருபத்தைந்து கூடலாம், குறையலாம். அதற்கு மேல் அமுங்கினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்போது போர்வைக்குள் டார்ச்சோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா பக்கத்தில் தூங்குகிறாள். அவள் பார்த்தால் பரவாயில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும். அம்மா, அப்பா பார்க்கக் கூடாது. நான் படிப்பது கணக்கியல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் தொழிற்பிரிவுப் படிவம் கொடுத்தபோது அப்பா கணக்கியல் போடச் சொன்னார். நான் அதற்கு அடுத்த கட்டத்தில், கட்டடத் தள மேலாண்மை என்று இருந்ததில், டிக் போட்டேன். கை தவறிப் போட்டதாகச் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் போட்டேன். காப்பாளர் கையெழுத்து அக்கா போட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை தாளில் கோடாக இருந்த சுவர் இன்று போய்ப் பார்த்தால் இடுப்பு உயரம் நிற்கிறது. இதை விட்டுவிட்டு வேறு எதைப் படிப்பது?

செப்டம்பர் 5, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா மறுபடியும் கூம்பு வாத்தியார் மாதிரி நடித்துக் காட்டினார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எனக்கும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெள்ளிக்கிழமை எழுதியதை இன்று விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்று நிலைமை மோசமாகிவிட்டது.

அப்பா கான்கிரீட் லாரி ஓட்டுகிறார். பின்னால் பெரிய உருளை சுற்றிக்கொண்டே போகுமே, அது. கட்டடங்களில் லோடை நிறுத்தி டெஸ்ட் எடுப்பவர்கள்தான் அவருக்குப் பரம எதிரிகள். "கூம்பு வாத்தியாருங்க" என்பார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தம்ளரைக் கவிழ்த்துத் தூக்கி, "அய்யய்யோ, அஞ்சு மில்லி ஜாஸ்தி!" என்று மூக்கால் பேசிக் காட்டுவார். அவர் வளர்த்த பெண் அந்த வாத்தியாராகிக்கொண்டிருக்கிறாள்.

இன்று மிஸ் பலகையில் எழுதிப் போட்டார்: முதல் மாடிக் கூரைத் தளம், 18 வியாழன், ஐந்து லாரி. கீழே கலவை வரும் ஆலையின் பெயர்.

அப்பாவின் ஆலை.

அங்கே நாற்பது லாரிகள். நமக்கு வருவது ஐந்து. எட்டில் ஒன்று. ஒட்டடையிடம் சொன்னேன். "எட்டுல ஒண்ணுதானேடி, வராது விடு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எங்க சித்திக்கு எட்டாவது குழந்தையும் பையன்தான் பொறந்துச்சு" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று இன்னும் புரியவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மாட்டிக்கொண்டேன். ஆனால் செய்யாத குற்றத்துக்கு!

இன்று நானும் ஒட்டடையும் தூண்களில் மட்டம் போட்டோம். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அவள் ஒரு தூணிலும், மறுமுனையை நான் இன்னொரு தூணிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் உயரத்தில் கோடு கிழிக்க வேண்டும். பதினாறு தூண். மிஸ் கடைசியில் சரிபார்த்து, ஒரு மில்லிகூட வித்தியாசம் இல்லை என்று விசில் ஊதினார். சந்தோஷத்தில் ஒட்டடை சாயங்காலம் அம்மாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள்: "இன்னிக்கு நாம போட்ட மட்டம் சூப்பராம். அடுத்த வாரமும் நம்மளயே மட்டம் போடச் சொல்லிட்டாங்க மிஸ்!"

அம்மா போனைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"ஸ்கூலுக்கு மட்டம் போட்டியாடி?"

நான் எட்டி, போனில் இருந்த செய்தியைப் படித்தேன்.

"எந்த ஊர்லடி டீச்சரே மட்டம் போடச் சொல்றாங்க? அதுல சூப்பர் வேற! பரிசு எதுவும் தர்றாங்களா?"

ஒரே வார்த்தையில் விளக்கியிருக்கலாம். அம்மா, அது இந்த மட்டம் இல்லை, கட்டடத்து மட்டம் என்று. உடனே, கணக்குப் படிக்கிறவளுக்குக் கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்பார். யோசித்துப் பார்த்தேன். படிப்பை மாற்றியதைவிட ஒரு நாள் பள்ளிக்குப் போகாதது சின்னக் குற்றம்.

"ஒரு நாள்தாம்மா" என்றேன்.

தினம் தவறாமல் பள்ளிக்குப் போய்க்கொண்டே, போகவில்லை என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா என்னைத் திட்டவில்லை. "பத்தொன்பதாம் தேதி எனக்கு லீவு. நானே ஸ்கூலுக்கு வந்து அந்த மிஸ்ஸப் பாத்துட்டு வரேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பதினெட்டாம் தேதி லாரி. தப்பித்தால் பத்தொன்பதாம் தேதி பள்ளி. அக்கா மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "அதுக்கு முன்னாடி நீயே சொல்லிடேன்" என்றாள்.

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, "அப்பா, நான் கணக்கியல் படிக்கல" என்று சொல்லிப் பார்த்தேன். ஏழு தடவை. எட்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக வந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஜன்னல் வழியாக, "படிக்கலன்னா இனிமேலாவது படி கண்ணு, குளிக்கிற எடத்துல அழாத" என்றார்.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் சொல்லவில்லை. நாளைக்கு மழை வந்தால் கான்கிரீட் போட மாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதாமல் தூக்கம் வராது.

முதல் மூன்று லாரி: 95, 110, 100. ஒவ்வொரு லாரி வளைவில் திரும்பும்போதும் எண் பலகையைப் பார்ப்பேன், மூச்சு விடுவேன். மிஸ் மேலே தளத்தில். கீழே நானும், டேப் பிடிக்க ஒட்டடையும், கலவையை மேலே தள்ளும் பம்ப்பிடம் மேஸ்திரியும்.

நாலாவது லாரி பன்னிரண்டு மணிக்கு வந்தது. எண்ணைப் பார்த்தேன்.

ஓடிவிடலாமா? ஒட்டடை என் ஹெல்மெட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டாள். முகத்தில் தூசிக்குக் கட்டிய துணி, கண்ணாடி, கை நிறையக் கலவை. அப்பா கதவு வழியாக எட்டிப் பார்த்து, "மேடம், கொஞ்சம் சீக்கிரம் பாத்து அனுப்புங்க" என்றார்.

மேடமாம்!

நிரப்பினேன், குத்தினேன், தூக்கினேன். நிற்கவே இல்லை. பாய் விரித்த மாதிரி பரவியது. 190. தப்பாக எடுத்திருப்பேன் என்று அதே லாரியிலிருந்து வேறு கலவை எடுத்து மறுபடியும் செய்தேன். 195.

"நூத்தி இருபதுன்னு எழுதிக்குங்க மேடம். எல்லா எடத்துலயும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் அப்பா.

"முடியாதுங்க" என்றேன்.

"என்னது? கேக்கல."

உருளை சுற்றும் சத்தம். நான் மறுபடி சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. மேஸ்திரி, "மேல ஆளுங்க சும்மா நிக்கிறாங்கம்மா, விடு விடு" என்று சொல்லிக்கொண்டே லாரியைப் பின்னால் வரச் சொல்லிக் கையை ஆட்டினார். அப்பா ரிவர்ஸ் எடுத்தார். பம்ப் வாய்க்கு இன்னும் பத்தடி. அது மேலே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தளத்துக்குக் கீழே நாளைக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும்.

"நிறுத்துங்க!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். லாரி நின்றது. பம்ப்காரர் நின்றார். மேலே சும்மா பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸ் பிடித்த மாதிரி.

அப்பா இறங்கி வந்தார். குனிந்து, ஹெல்மெட்டுக்குள் பார்த்தார்.

"நீயா?"

"தண்ணி ஜாஸ்திப்பா. மேல ஏத்த முடியாது."

நான் லோடு சீட்டில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கீழே ஓட்டுநர் கையெழுத்து. என் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவருடைய பெயரின் முதல் எழுத்து. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்தாவது லாரி 105. அதன் பின்னாலேயே ஆலை இன்னொரு லோடும் அனுப்பியது, 100. தளம் நாலரைக்கு முடிந்தது. மிஸ் இறங்கி வந்து, "விசில எடுக்கறதுக்குள்ள யாரும்மா கத்தினது?" என்றார். ஒட்டடை என்னைக் காட்டினாள். மிஸ் நம்பவில்லை.

அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் அம்மா, "ஸ்கூலுக்குக் கெளம்பலியா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"வேணாம். அவ மட்டம் போடல. நேத்து என் லோடத் திருப்பி அனுப்பிட்டா."

அம்மா கையில் கரண்டியோடு திரும்பினார். "எந்த லோடு? ஒங்க லோடத் திருப்ப இவ யாரு?"

"அந்த சைட்டுக்குக் கூம்பு வாத்தியார்."

அக்கா சிரித்துவிட்டாள். "நீயும் கூட்டா?" என்று அம்மா அவள் பக்கம் திரும்பினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது.

ஆலையில் அப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "லோடத் திருப்பினது சரி. ரயில்வே கேட்ல முக்கா மணி நேரம் நின்னேன், நல்ல வெயிலு, இறுகிடப்போகுதேன்னு நாந்தான் தண்ணி ஊத்தினேன். அது என் தப்பு. ஆனா ஜூன்லேர்ந்து தினம் என் எதிர்லதான சாப்பிட்ட? கணக்கு எப்படிப் போகுதுன்னு கேட்டப்பல்லாம் நல்லாப் போகுதுப்பான்னு சொன்னியே..."

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்தானே.

"இந்த மாசம் முடியட்டும். நீ அங்க போறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

நாலு நாளாகச் சாப்பிடும்போது யாரும் தம்ளரைக் கவிழ்க்கவில்லை. வீடு பரீட்சை அறை மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாசக் கடைசி. நாள் முழுக்கக் காத்திருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகலாம் என்று அர்த்தமா, போகக் கூடாது என்று அர்த்தமா? அக்கா, "கேட்டுத்தான் தொலையேன்" என்கிறாள். லாரியையே நிறுத்தினவளுக்கு இதைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று இரண்டாம் மாடிக் கூரைத் தளம். ஆறு லாரி. வீட்டில் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு எண் பலகையாகப் பார்த்தேன். அப்பாவின் லாரி வரவில்லை. நாலாவது லாரியை ஓட்டி வந்த பெரியப்பா (சொந்தமில்லை, அப்பாவோடு இருபது வருஷமாக வேலை செய்பவர்) இறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது? ஒங்கப்பாவ இனிமே இங்க பாக்க முடியாதும்மா."

"ஏன், வேலைக்கு ஏதாவது..."

"அட, அதெல்லாம் இல்ல. லோடு பிரிச்சுக் குடுக்கிற எடத்துல போய் நின்னுட்டான். நூலக வேலைக்கு என்னப் போடாதீங்க, அங்க டெஸ்ட் எடுக்கிறது எம் பொண்ணு. நாளைக்கு என் லோடு பாஸாச்சுன்னா அப்பன் லோடுன்னு விட்டுட்டான்னு நாலு பேரு பேசுவாங்க, அவ எழுதுற எழுத்துக்கு மரியாதை போயிடும்ங்கிறான். மலையடிவாரத்துல பாலம் கட்டுறாங்க பாரு, அதக் கேட்டு வாங்கிக்கிட்டான். போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி. யாரும் அதக் கேட்டு வாங்க மாட்டாங்க." பிறகு, "என்னம்மா பாத்துக்கிட்டே நிக்கிற? என் லோடு இறுகிடப்போகுது" என்றார்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூம்பை நிரப்பினேன். 110.

அப்பா ஒன்பதரைக்கு வந்தார். நான்தான் சாப்பாடு போட்டேன்.

"இன்னிக்கு எத்தன லோடு?" என்றார். பத்தொன்பதாம் தேதிக்கு அப்புறம் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஆறுப்பா. எல்லாம் சரியா நின்னுச்சு."

தலையை ஆட்டினார்.

"பாலம் ரொம்ப தூரமாப்பா?"

"ரோடு நல்லாருக்கு" என்றார்.