அந்தோனியாரிடம் கேட்ட இரண்டு காரியம்

அன்பின் மெற்றில்டாவுக்கு,

நீயும் மகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நான் சுகம், ஆனால் சரியான எரிச்சலில் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்திறங்கி அடைபட்டிருந்த தடுப்பு முகாமில் டிவி பார்த்துப் பிடித்த பேஸ்போல் பைத்தியம் உனக்குத் தெரியும்தானே. ஆறு மாதம் முதலிடத்தில் நின்ற என் அணி, நேற்றைய கடைசி ஆட்டத்தில் லேசான ஒரு பிடியைத் தவறவிட்டு, பிரிவுப் பட்டத்தைப் பரம எதிரியிடம் கொடுத்துவிட்டது. கூட வேலை செய்யும் நிரோஜன், "விடுங்கோ அண்ணை, விளையாட்டுத்தானே" என்றான்.

அவனுக்குத் தெரியாது, அவர்கள் வெல்ல அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன். உங்களிடம் வந்துபோக நானும் கேட்கும் விசாவுக்காக நீ ஒன்பது வருடமாகச் செவ்வாய்தோறும் போவதும் அவரிடம்தான். இந்தச் செவ்வாய் என் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்து. "அவர் பேஸ்போலுக்குக் கேட்டது பகிடிக்கு, எங்களிட்ட வரக் கேட்டதுதான் உண்மை" என்று சொல்லிவிடு.

வேலை இடைவேளை முடிகிறது.

உன் சூசைதாஸ்