கோட்டுக்கு அடியில் ஒரு பெயர்

அன்பு மகளே,

ஏழு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவன் எழுதுகிறேன். குளிர்காலம், மரக்கடையில் வியாபாரம் மந்தம். குடியேற்றக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்த கனவான் ஒருவரின் வம்சம் நாம் என்று நிரூபித்து, சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டேன்.

ஆவணக் காப்பகத்தில் மிஸஸ் ஸ்டோடர்ட் என்ற அம்மாள் அந்தக் கனவானின் குடும்பப் பைபிளைத் திறந்து காட்டினாள். பிள்ளைகளின் பெயர் எழுதும் பக்கத்தில் ஒரு பெயர்மேல் மட்டும் கோடு.

"பேரு மெஹிடபிள். அயர்லாந்துலேருந்து வந்த கூலியாளைக் கட்டிக்கிட்டா, அப்பன் கோடு போட்டுட்டான். ஆனா சார், நீங்க இவ வழிதான். மத்த பிள்ளைங்களுக்கு வாரிசே இல்ல."

"அப்போ என் ரத்தத்துலயும் ஐரிஷா?"

"நல்லாவே! இந்தக் கோட்டுக்கு அடியிலதான் நீங்க இருக்கீங்க," என்று சிரித்தாள். "உங்க வீட்டுப் பைபிளையும் கொண்டாங்க. அதுதான் சாட்சி."

கொண்டுபோகவில்லை. நீ டெக்லனோடு படியிறங்கிய அன்று நம் பைபிளின் அதே பக்கத்தில் நான் செய்ததைப் பார்த்துக்கொண்டுதானே போனாய்? 'ஐரிஷ்காரன்' என்று நான் சொன்ன தொனியும் உன் காதில் இருக்கும்.

நேற்று கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். மை போகவில்லை, தாள்தான் கிழிகிறது.

உனக்குப் பெண் பிறந்திருக்கிறாளாம். பெயர்கூட எனக்குத் தெரியாது. பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் இருக்கிறது. உன் பெயரையும் அவள் பெயரையும் நீயே வந்து எழுது. அந்தப் பக்கத்தில் இனி என் கை படாது.

இப்படிக் கையெழுத்திட இன்னும் உரிமை இருந்தால்,
உன் அப்பா