கன்னியம்மா வீட்டுப் பசுவும் என் அடக்கமும்

என் கண்ணான சரசுவுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நீ இளையவள், ஆனால் வாயில் எனக்கு மூத்தவள். உன் மகளுக்கு இப்போது நான்தான் தலை பின்னுகிறேன். வகிடு கோணல் என்று தினமும் அவளிடம் திட்டு வாங்குகிறேன்.

"இந்த ஊர்ல என்னாட்டம் நாத்து நட ஆளு கீதா?" என்று வரப்பில் நின்று கேட்பாய். உனக்குத் தலைக்கனம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதே வாயால், "எனக்குக் கையெழுத்துப் போட வராது, கத்துக் குடுடா" என்று நீ பெற்ற பிள்ளையிடமே கேட்டாயே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்கோ அடக்கமானவள் என்று பெயர். போன வருஷம் எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. மாட்டு டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். அவள் நம் வாசலில் வந்து நின்று, "கன்னு திருப்பத் தெரிஞ்சவங்க யாராச்சும் கீறாங்களா?" என்றாள். என் தாய்வீட்டில் மூன்று பசுக்களுக்குக் கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தவள் நான். "எனக்கு இன்னா தெரியும்" என்று தலையைக் குனிந்துகொண்டேன். பந்தியில்கூட முதல் தடவை கேட்டால் 'போதும்' என்று சொல்வதுதானே நம் வழக்கம்? இன்னொரு தடவை கேட்பாள், அப்போது கிளம்பலாம் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. ஆள் தேடிப் பக்கத்து ஊரான காவாந்தண்டலத்துக்கு ஓடிவிட்டாள். ஆள் வருவதற்குள் கன்று செத்துப்போயிற்று.

சாயங்காலம் நடவிலிருந்து வந்த உன்னிடம் மட்டும் சொன்னேன்.

"அது அடக்கம் இல்லக்கா, ஜம்பம். வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடணும்னு நின்னுகினு இருந்துகீற. போயி அவகிட்ட சொல்லிடு" என்றாய்.

நான் போகவில்லை. இரண்டு நாள் உன்னோடு பேசவும் இல்லை. நீ கண் மூடும்வரை அது சொல்லாமலே கிடந்தது. எந்த முகத்தோடு சொல்வேன், சரசு?

போன வெள்ளிக்கிழமை காலை அதே பசு மறுபடியும் முக்கிக்கொண்டு கிடந்தது. கன்னியம்மா நம் வாசலைத் தாண்டித்தான் ஓடினாள். நம் பக்கம் திரும்பவில்லை. ஏன் திரும்புவாள்? தெரியாது என்று சொன்னவள் ஆயிற்றே நான். இப்போது தெரியும் என்றால், அன்றும் தெரிந்திருந்தது என்பது வெளியே வந்துவிடும். வாசலிலேயே நின்றேன்.

கொட்டகையில் பசு மறுபடி முனகியது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "எனக்குத் தெரியும். நான் எடுக்கறேன்."

அவள் நின்று பார்த்தாள். "அப்ப அன்னிக்கி?"

"அன்னிக்கும் தெரியும்."

அவள் திரும்பி நடந்து, கொட்டகைப் படலைத் தள்ளி, என் கையில் விளக்கெண்ணெயை ஊற்றினாள். கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் கிடேரிக் கன்று வெளியே வந்து மூச்சுவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே கன்னியம்மா அழுதாள். எந்தக் கன்றுக்காக என்று நான் கேட்கவில்லை.

இன்னும் அவள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். நீ இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருவதை வரும் என்றும் வராததை வராது என்றும் கேட்டவுடனே சொல்லிவிடுவேன். கன்னியம்மா கடைசிவரை பேசாமல் போனாலும், அவள் கொட்டகையில் மாடு முனகினால் யாரும் கூப்பிடாமலே போவேன்.

நீ வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட,
உன் ஓரகத்தி